பின்னால் மூன்று சுற்று

சங்கரன்கோவில் ரயில்வே கேட்டுக்குள் முன்சக்கரம் நுழைந்ததும் மூக்காண்டியின் வாடகை சைக்கிள் நின்றுவிடுகிறது. கேரியரில் இருந்த மனைவி முருகம்மாளின் முந்தானை பின்சக்கர அச்சில் சுற்றிக்கொண்டது. அவள் தோளில் காய்ச்சலில் துவண்ட பிள்ளை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. மூக்காண்டி இறங்கி, அவளையும் இறக்கிவிட்டுத் துணியை இழுக்கிறான். "இழுக்காதிய, இறுகுது. பின்னால உருட்டுங்க" என்கிறாள். அவள் சொல்வதுதான் சரி. முன்னால் எத்தனை சுற்று ஏறியதோ, பின்னால் அத்தனை சுற்று உருட்டினால்தான் துணி இறங்கும். ஸ்டாண்டு ஒடிந்த சைக்கிள், நின்ற இடத்தில் சக்கரத்தைச் சுற்றவும் வழியில்லை. "கிழிச்சிரட்டா?" "மிச்சத்தைச் சுத்திக்கிட்டு டாக்டர் முன்னால எப்படி நிக்க?" பிள்ளையின் மூச்சைக் கன்னத்தில் வாங்கியபடி, சைக்கிளோடு சேர்ந்து அவளும் பின்னால் நடக்கிறாள். மூன்றாவது சுற்றில், மசகு அப்பிய முந்தானை கழன்று விழுகிறது. மூக்காண்டி நிமிர்கிறான். அவர்களுக்கு முன்னால் கேட் இறங்கிவிட்டது. தூரத்தில் கூட்ஸ் வண்டி ஊதுகிறது. முருகம்மாள் கன்னத்தைப் பிள்ளையின் மூக்கருகே இன்னும் நெருக்கிக்கொள்கிறாள்.