அந்த அறையை மட்டும் விட்டு

“மேல் ரூமை மட்டும் விட்டுடுங்க. மத்த சுவர் எல்லாத்துக்கும் வெளியில போர்த்துங்க,” என்றார் அத்தான்.

காண்ட்ராக்டர் சாப்பாட்டு மேசையில், குளிர் ஏறாமலிருக்கச் சுவரில் ஒட்டுகிற பலகைகளின் மாதிரித் துண்டுகளைப் பரப்பியிருந்தார். வெள்ளைத் தெர்மாகோல். மஞ்சள் பஞ்சுப் பலகை. அதன்மேல் பூசுகிற சாந்து, சாம்பல் நிறத்தில் ஒன்று, செங்கல் நிறத்தில் ஒன்று.

நானும் அக்காவும் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது காண்ட்ராக்டரும் வாசலில் வந்து நின்றார். மூன்று பேருமாகத்தான் உள்ளே நுழைந்தோம். நாங்கள் இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. காலையிலிருந்து வீட்டில் அத்தான் மட்டும்தான்.

மேல் ரூம் பாப்பாவுடையது.

பாப்பா இறந்து இது இரண்டாவது குளிர்காலம். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து நான் ஹால் சோபாவில்தான் படுக்கிறேன். அந்தக் கதவு திறந்து நான் பார்த்ததே இல்லை.

“அப்படி விட்டா அந்த ரூம் வீட்டுக்கு வெளிய நிக்கிற மாதிரி ஆயிடும் சார். ஈரம் ஏறும்.”

“ஏறட்டும். யாரு இருக்கா அங்க?”

அக்கா கையிலிருந்த பையைத் தரையில் வைத்தாள். உள்ளே ஏதோ உடைந்தது. குனிந்து பார்க்கவில்லை.

“கேட்டியாடா?” என் காதோரம் வந்து சொன்னாள். “வீட்டுக்கே ஸ்வெட்டர் வாங்குறாரு. எம் பொண்ண மட்டும் குளிர்ல நிறுத்துறாரு.”

போன வாரம் பஸ்ஸில் வரும்போது, பிள்ளையை மறந்துவிட்ட மனுஷனோடு இனிமேல் என்னால் இருக்க முடியாது என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

“எதுக்கும் ஒரு தடவை பாத்துடலாம்,” என்று காண்ட்ராக்டர் எழுந்தார். வீட்டில் சூடு எங்கே இருக்கிறது, எங்கே கசிகிறது என்று காட்டுகிற கேமரா அவரிடம் இருந்தது. சூடு சிவப்பு, குளிர் நீலம்.

மாடிப்படி நெடுக நீலம்.

“உங்க வீட்ல காத்து வாடகை குடுக்காம குடியிருக்கு சார்.”

நானும் அந்தக் காற்றுக்குச் சொந்தம்தான். சிரித்துவைத்தேன்.

மேல் ரூம் கதவு வந்ததும் பின்னாலிருந்து அத்தான் அவசரமாகச் சொன்னார். “சாவி எங்கயோ கிடக்கு. தேடணும்.”

அதற்குள் காண்ட்ராக்டர் கைப்பிடியைத் திருப்பிவிட்டார். கதவு திறந்துகொண்டது.

திரை போட்ட ஜன்னல். சுவரை ஒட்டிச் சின்னக் கட்டில். மேலே ஒரு போர்வை. வேறு ஒன்றும் இல்லை.

கேமராவில் ஓர் உருவம் படுத்திருந்தது.

முழங்காலை மடக்கி, ஒருக்களித்து, சிவப்பாக. பாப்பாவின் உருவம் இல்லை, பெரியது. கட்டிலைப் பார்த்தேன், யாரும் இல்லை. கேமராவைப் பார்த்தேன், படுத்திருந்தது.

அக்காவின் கையைப் பிடித்தேன்.

“அட, பயப்படாதீங்க. யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போயிருக்காங்க. மெத்தையில உடம்புச் சூடு கொஞ்ச நேரம் நிக்கும்.” காண்ட்ராக்டர் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு, ஜன்னல் சட்டத்தைத் தட்டிப் பார்க்கப் போனார்.

அக்கா மெல்லத் திரும்பி அத்தானைப் பார்த்தாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு.

“வேலைக்கு வர்றவங்க ஜன்னலத் திறந்து போட்டுடுவாங்கம்மா,” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “தலகாணியில அவ வாசம் கொஞ்சந்தான் மிச்சம் இருக்கு.”

அக்கா மூக்கைக் கோட்டுக் கையில் துடைத்துக்கொண்டாள்.

பிறகு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டாள். “ஜன்னலத் தொடாம, வெளியிலேர்ந்தே ஒட்ட முடியுமா?”

“தாராளமா ஒட்டலாம்கா.”

“அப்போ இந்தச் சுவத்துலேர்ந்து ஆரம்பிங்க. அந்த மஞ்சள் பலகை, இருக்கிறதுலயே தடிமனானது.”

கேமரா இன்னும் என் கையில்தான் இருந்தது. கட்டிலில் உருவம் சிவப்பிலிருந்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். அத்தான் நடுவில் படுத்திருக்கவில்லை. விழுந்துவிடுகிற மாதிரி ஓரத்தில் ஒண்டியிருந்திருக்கிறார்.

சுவர்ப் பக்கம், ஒரு குழந்தை படுக்கிற அளவுக்கு, நீலம் கலையாமல் இருந்தது.