கொடிக்குப் பின்னால் ஒரு சுவர்

பள்ளிக்கூட மேடைச் சுவரில் என் கை நுழையுமளவுக்கு விரிசல். தலைவர் வருகிறார் என்றதும், அதை மறைத்துக் கூரையிலிருந்து முழங்கால் உயரம்வரை ஒரு தேசியக் கொடியைத் தொங்கவிட்டார்கள். அதன் முன்னால் பாடுவதற்கு நாற்பது பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். "அண்ணே, பிள்ளைங்களையாவது தள்ளி உட்கார வைங்க. சுவரு நிக்காது" என்றேன். விழாக் குழுச் செயலாளர் பரஞ்சோதி சிரித்தார். "ஏம்மா இன்ஜினியரு, ஒனக்கு நாட்டுமேல பாசமே கெடையாதா? எப்பப் பாரு விரிசல், விரிசல்னு." "பாசம் இருக்கப் போய்த்தாண்ணே கத்துறேன். இல்லன்னா எப்பவோ விசா எடுத்துட்டுப் போயிருப்பேன்." "அப்பப் போயேன்!" என்று யாரோ கத்த, கூட்டம் கைதட்டியது. விரிசலைக் காட்டலாமென்று கொடியை விலக்கினேன். "கொடியை இழுக்கிறாடா!" என்று பத்துப் பேர் எழுந்து வந்தார்கள். நான் கொடிக்குப் பின்னால் நுழைந்து சுவரில் முதுகை அழுத்தி நின்றேன். சுவரைத் தாங்க ஒரு முதுகு போதாது. நாலு வருஷம் அதைத்தான் படித்தேன். கொடியைத் தொட்டு விலக்கி என்னை இழுக்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. தலைவர் வந்துவிட்டார். "நான் பேசலை, நீங்கதான் பேசுறீங்க!" என்றார் கூட்டத்திடம். கூட்டம் போட்ட ஒவ்வொரு முழக்கத்துக்கும் என் தோளில் மண் கொட்டியது. பிள்ளைகள் பாட எழுந்தார்கள். கொடிக்குக் கீழே சின்னக் கால்கள் மட்டும் தெரிந்தன. குனிந்து, பக்கத்திலிருந்த காலைக் கிள்ளி, "ஓடும்மா" என்றேன். கால் நகரவில்லை. கொடிக்கு முன்னால் அசையக் கூடாதென்று எனக்கும் இதே பள்ளிக்கூடத்தில்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.