கண்மாய்க்கரை வீரன்

தில்லி டிசம்பர் குளிரில் மாசிலாமணிக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. அரசு அலுவலக வராந்தா பெஞ்சில், இரவல் ஸ்வெட்டருக்குள் நெளிந்துகொண்டிருந்தார்.

"மாமா, ஒழுங்கா உட்காருங்க. பார்க்கிறவங்களுக்கே சந்தேகம் வந்துடும்" என்றான் கௌதமன். அக்கா மகன். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் மத்திய அரசு ஊழியன். இந்தத் தில்லுமுல்லுக்கு யோசனை கொடுத்தவனே அவன்தான்.

"திகார் ஜெயில்ல சோறு போடுவாங்களா மாப்ள?"

"ரொட்டிதான் மாமா."

மாசிலாமணிக்கு ரொட்டி தொண்டையில் இறங்காது.

விஷயம் இதுதான். மாசிலாமணி ஒரு குக்கிராமத்தின் ஊராட்சித் தலைவர். ஊருக்குப் போகும் பாதை, பாறைக்கும் கண்மாய்க்கும் நடுவே குறுகி நுழைகிற இடத்தில், மழை பெய்தால் முழங்கால் சேறு. ஆம்புலன்ஸ் அதற்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். இரண்டு வருஷம் முந்திய மழையில் அவர் மகளைப் பிரசவ வலியோடு கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்தது தெய்வச் செயல். இப்போது மருமகள் உண்டாகியிருக்கிறாள்.

இத்தனூண்டு ஊருக்கு ரோடா என்று மனுவெல்லாம் திரும்பி வந்தது. "பாரம்பரியச் சுற்றுலான்னு சொல்லுங்க மாமா, ரோடு தானா வரும்" என்றான் கௌதமன்.

பாரம்பரியத்துக்கு எங்கே போவது? சிற்பப் பட்டறை சுப்பு இருந்தான். வில் பிடித்த வீரன், காலடியில் ஒரு நாய் என்று நடுகல் ஒன்றைச் செதுக்கி, புளித்த மோரை ஊற்றி ஊற்றிப் பழசாக்கிக் கொடுத்தான். ரோடு எங்கே வேண்டுமோ, சரியாக அந்தச் சேற்றிலேயே அதைப் புதைத்தார் மாசிலாமணி. அடுத்த வருஷம் வாய்க்கால் வெட்டுகிற சாக்கில் தோண்டி எடுத்து, அங்கேயே நட்டு, ஊரைக் கூட்டி, அவரே வாயைப் பிளந்து நின்றார்.

போன மாதம் நிபுணர் குழு வந்து கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனது. இப்போது தில்லிக்கு வரச் சொல்லித் தகவல்.

"ஆயியே ஜி" என்று பியூன் கதவைத் திறந்தார்.

தொல்லியல் அதிகாரி ராஜசேகரன், தஞ்சாவூர்க்காரர், எழுந்து வந்து மாசிலாமணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். விலங்கு மாட்டத்தான் பிடிக்கிறாரோ என்று இவர் கைகளை இழுத்துப் பார்த்தார்.

"தலைவரே, அசல் எட்டாம் நூற்றாண்டு. அந்த நாயோட மடங்கின காது இருக்கே, அந்த மாதிரி வேற எங்கேயும் கிடைச்சதில்லையாம். நிபுணர்கள் அசந்துட்டாங்க."

மாசிலாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது; நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கௌதமன் மேஜைக்கடியில் அவர் தொடையைக் கிள்ளினான்.

"அப்ப ரோடு எப்ப சார் போடுவீங்க?"

"ரோடா? அந்தக் கல்லு இனிமே பாதுகாக்கப்பட்ட சின்னம். சுத்தி நூறு மீட்டருக்கு ஒரு சட்டி மண்ணு கொட்டக்கூடாது. சட்டம்."

"பாக்க வர்ற சனம்?"

"சேத்துல நடந்து வரட்டும். அதுக்குப் பேர் ஹெரிட்டேஜ் வாக். வெள்ளைக்காரன் அதுக்குன்னே வருவான்."

மாசிலாமணியின் கண்முன் அந்தக் கட்டில் வந்து நின்றது. ரொட்டியாவது, ஜெயிலாவது. கௌதமன் சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க எழுந்து நின்றார்.

"சார், அது டூப்ளிகேட்டு. நாந்தான் செய்யச் சொல்லிப் புதைச்சேன். அந்த நாய் எங்க வீட்டு நாய். குட்டியா இருக்கயில பக்கத்து வீட்டு நாய் கடிச்ச காது அது. இந்தா, போன்ல போட்டோ இருக்கு, பாருங்க."

ராஜசேகரன் போட்டோவை வெகுநேரம் பார்த்தார். "அந்த இனம் இன்னும் அழியாம இருக்கா?" என்றார் பரவசமாக. பிறகு அவர் முகம் கடுமையானது.

"ஆனா தலைவரே, ஒரு ரோட்டுக்காக, அசல் கல்லைப் போய் டூப்ளிகேட்டுன்னு அரசாங்கத்துக்கிட்ட பொய் சொல்றது பெரிய குற்றம். இந்த ஒரு தடவை மன்னிச்சு விடறேன்."