அரக்கனை வெல்லும் வழி

உலகத்தில் எவனாலும் வெல்ல முடியாத அரக்கனை, ஒரு பொத்தானையும் தொடாமல், பாலில்லாத பிளேன்டீ குடித்துக்கொண்டே நான் தோற்கடித்தேன்.

அந்தக் காலத்தில் கண்டி டவுனில் காசு போட்டு ஆடிய மெஷின் விளையாட்டை இப்போது கம்பியூட்டருக்கு மலிவு விலையில் புதுப்பித்திருக்கிறார்கள். வாங்கியவர்கள் எல்லோரும், "கடைசி அரக்கனை வெல்லவே முடியாது, காசு வீண்" என்று அதை விற்கும் இணையதளத்தின் கருத்துப் பகுதியில் அழுது தீர்த்திருந்தார்கள். நான் மட்டும், "சும்மா இருங்கள், வெல்லலாம்" என்று எழுதினேன். கம்பளை முதல் கனடா வரை சிரித்தார்கள்.

போன மாதம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த அழகமுத்து அதைப் படித்துவிட்டு நேரிலேயே வந்துவிட்டார்.

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்ணே. இப்ப வென்று காட்டுங்க. இல்லாட்டி நீங்க புளுகுறீங்கன்னு அதுக்குக் கீழேயே எழுதிருவேன்."

என் மானம் திரையில் நின்றது. அரக்கன் வந்தான். கத்தினான், குதித்தான், மகாவலி ஆறே வற்றும்படி நெருப்புக் கக்கினான். என் வீரன் மூலையில் அசையாமல் நின்றான். நான் பிளேன்டீயை உறிஞ்சினேன். கொஞ்ச நேரத்தில் அரக்கன் களைத்துத் திரும்பி நடந்தான். 'வெற்றி' என்றது திரை.

"ஏதோ கோளாறு. சும்மா இருந்தா எவன்ணே திரும்பிப் போவான்?"

"எல்லாரும் போவாங்க. ஆபீஸ்ல தண்ணி முறைப்பாடு வாங்குற மேசை என்னோடது. யாரு வந்து கத்தினாலும் பேப்பரை விரிச்சு முகத்தை மறைச்சுக்குவேன். அவங்களே களைச்சுப் போயிருவாங்க."

அழகமுத்து என்னை உற்றுப் பார்த்தார்.

"உண்மைதாண்ணே, போயிருவாங்க. அந்தப் பேப்பருக்கு முன்னாடி கத்திட்டுப் போனவன் நான். பைப்புல தண்ணி வராமத்தான் வீட்டை மாத்திக்கிட்டு இங்க வந்தேன்."