வழுக்குமரம் ஏறும் கால்

காலை வெயில் ஏறும் மொட்டைமாடியில் அருஞ்சுனை சவாசனத்தில் கிடக்கிறான். கீழே தெருவில், இன்று அவன் ஏறப்போகும் வழுக்குமரத்துக்கு விளக்கெண்ணெய் பூசுகிறார்கள். அந்த வாடை மேலே வருகிறது. தூத்துக்குடி லாரி ஒன்று ஹாரன் அடிக்க, மூடிய இமை துடிக்கிறது. போன வருஷம் உச்சிக்கு ஒரு முழம் இருக்கையில் தொடை இழுத்து அவன் விழுந்ததிலிருந்து, கபடி ஆடும் தங்கை பிரவீணாதான் யோகா சொல்லிக்கொடுக்கிறாள். "ஒடம்ப அப்பிடியே தரையில போட்டுருண்ணே." "போட்டாச்சு பாப்பா." ஒலிபெருக்கி அவன் குழுவைக் கூப்பிடுகிறது. பிரவீணா அவன் உள்ளங்காலைத் தொடுகிறாள். இரண்டு பாதங்களும் சட்டென்று நெருங்கி, அவள் கையை நடுவில் வைத்து, மரத்தைக் கவ்வுவதுபோல் இறுக்கிக்கொள்கின்றன. "கால தளர விடுண்ணே, கை வலிக்குது." கண்ணைத் திறக்காமலே சொல்கிறான்: "விட்டுட்டேனே."