நாற்பத்தெட்டாம் நாள் வீடியோ

கஷாயத்தின் கடைசி மடக்கும் மகளின் தொண்டைக்குள் இறங்கியதும் அவள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தாள்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் மகள் பூரணி. ஒன்பது வயது. உதட்டோரத்தில் கஷாயத்தின் பச்சைக் கறை.

ஒரு நிமிடம். குழுவின் விதி அது.

வாட்ஸப் குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பெற்றோர். தினமும் காலையில், மருந்து கொடுத்த கையோடு, பிள்ளையைக் கேமரா முன்னால் உட்காரவைத்து ஒரு நிமிடம் எடுக்க வேண்டும். கண் எத்தனை முறை தன்னையறியாமல் வெட்டிக்கொண்டது, தோள் எத்தனை முறை துள்ளியது, தொண்டை எத்தனை முறை செருமியது என்று எண்ணி, கீழே எழுதி அனுப்ப வேண்டும்.

முதல் நாள் பூரணிக்கு முப்பத்தொன்று.

இன்றோடு மண்டலம் நிறைகிறது. நாற்பத்தெட்டாம் நாள்.

ஐம்பது விநாடி.

ஐம்பத்தைந்து.

அறுபது.

ஒன்றுகூட இல்லை.

பூரணி எழுந்து, வழக்கம்போல நேராகக் குளியலறைக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு குழாய், முழு வேகத்தில்.

"தண்ணிய வீணாக்காதடி!"

இதையும் தினம் சொல்லித்தான் வருகிறாள்.

பூஜ்யம் என்று எழுதினாள். அனுப்பினாள்.

குழுவில் கும்பிட்ட கைகளாக வந்து விழுந்தன. ரோஜாப்பூக்கள். பின்னாலேயே குழுவை நடத்தும் வைத்தியரின் குரல்பதிவு, ஏலக்காய் மென்றபடி.

"நான்தான் சொன்னேனே தாயி. கழிவு பூரா போயிருச்சு. புள்ள சுத்தமாயிட்டா."

கழிவு.

மூன்றாம் நாள் பூரணி குடித்ததை அப்படியே பாயில் வாந்தியெடுத்தபோதும் அவர் அந்தச் சொல்லைத்தான் சொன்னார். கழிவு வெளியேறுது, நல்லது, திரும்பக் குடுங்க.

அவள் திரும்பக் கொடுத்தாள். மூக்கைப் பிடித்து. பல்லுக்கு நடுவே கரண்டிக் காம்பை வைத்து. பாயைத் துடைத்த அதே கையால்.

நான்காம் நாளிலிருந்து பூரணி வாயைத் தானே திறந்தாள்.

அடுப்பில் பாத்திரம் ஆறிக்கொண்டிருந்தது. அடியில் வல்லாரை, வசம்பு, வேப்பம்பட்டைச் சக்கை, தலைமுடி அடைத்த சாக்கடை போல. தேனோ வெல்லமோ பட்டால் பலன் கெட்டுவிடும் என்பது இன்னொரு விதி. இத்தனை நாளில் ஒரு சொட்டைக்கூட அவள் தன் நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை.

கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. தெரியாத ஒரு பெண்ணின் குரல்பதிவு.

"அக்கா, அரக்கோணத்துலேருந்து பேசுறேன். எங்க பாப்பாவுக்கு ஆறு வயசு. உங்க புள்ள வீடியோ பாத்து அழுதுட்டேன்க்கா. டாக்டர் மாத்திரைய நிறுத்திட்டு இதையே ஆரம்பிச்சிரட்டுமா? நீங்க சொன்னாப் போதும்."

பதில் சொல்லும் முன் அந்த வீடியோவை இன்னொரு முறை பார்க்க ஆசை வந்தது. எண்ணாமல், சும்மா, கண்குளிர.

பார்த்தாள்.

கழுத்தில் ஒரு நரம்பு புடைத்திருந்தது.

படத்தின் கீழோரத்தில் பூரணியின் கால்விரல்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இறுக்கிப் பிடித்து, ரத்தம் செத்து வெளுத்திருந்தன.

நாற்பதாவது விநாடியில் கண்ணில் நீர் கட்டியது. அந்தக் கண் இமைக்கப் பயந்து கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தது.

கேமராவைப் பிடித்திருந்தது யார் கை?

அவள் குளியலறைக் கதவில் காதை வைத்தாள்.

வாளி நிரம்பி வழியும் இரைச்சல். அதற்கு அடியில்,

க்கும்.

க்கும். க்கும். க்கும்.

தகரக் கதவில் தோள் மோதி மோதித் திரும்பியது. ஒரு நிமிடம் அடைத்து வைத்ததெல்லாம் மடை திறந்தாற்போல வந்துகொண்டிருந்தது. இன்று மட்டுமா. குழாய் திறந்த அத்தனை காலையிலும்.

எண்ணாதீங்கம்மா என்றுதான் முதலில் காட்டிய நரம்பு டாக்டர் சொன்னார். பாக்காத மாதிரி இருங்க, நீங்க பாக்கப் பாக்கத்தான் புள்ள தவிக்கும். இதைச் சொல்ல ஒரு டாக்டரா என்று அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. அவர் எழுதிக் கொடுத்த சீட்டு துவரம்பருப்பு டப்பாவுக்கு அடியில் எண்ணெய்க் கறை பட்டுக் கிடக்கிறது.

அந்த வைத்தியரின் குரல். அந்த ரோஜாப்பூக்கள். பூஜ்யம் என்று எழுதும்போது தனக்குள் பொங்கிய அந்தச் சந்தோஷம். எல்லாவற்றிலும் வசம்பு வாடை வீசியது. விரல்களை முகர்ந்தாள். அங்கும்தான்.

குழுவில் போட்ட வீடியோவை அழித்தாள், எல்லோருக்குமாக.

அரக்கோணத்துக்காரிக்கு, 'வேண்டாம்மா. மாத்திரைய நிறுத்தாதீங்க' என்று தட்டினாள்.

"என்னாச்சு தாயி? வீடியோவக் காணோமே?" என்றது வைத்தியர் குரல்.

அப்போது உள்ளே குழாய் ஒருமுறை விக்கியது.

மேல்தொட்டி காலி. மண்டலம் நிறைகிற பரபரப்பில் காலையில் மோட்டார் போட மறந்திருந்தாள்.

நீர் நூலாக இளைத்தது. சொட்டியது. நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம் செருமலும் சட்டென்று நின்றது, யாரோ கழுத்தைப் பிடித்தாற்போல.

கதவின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்றார்கள்.

"அம்மா," என்றாள் பூரணி. மூச்சை அடக்கிப் பேசும் குரல். "வீடியோ நல்லா வந்துச்சாம்மா?"

கொல்லைப்புறம் ஓடினாள். செருப்பில்லாமல், ஈரத்தில் சறுக்கி, சுவரைப் பிடித்து நிமிர்ந்து, மோட்டாரைப் போட்டாள்.

மேலே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்வரை அவளும் மூச்சு விடவில்லை.