சோதனைப் பயனர்

லாகின் பக்கம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, பரிதி டேட்டாபேஸில் முதலில் சேர்த்த பயனரின் பெயர் அலர்விழி. பிறந்த தேதியைப் போடாமல் பக்கம் நகராது. மனைவியின் பிரசவத்துக்கு டாக்டர் குறித்துக் கொடுத்திருந்த தேதியைப் போட்டான். குழந்தை தங்கவில்லை. அப்புறம் வீட்டில் யாரும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை. அலுவலகத்தில் மட்டும், காலையில் வந்ததும் அவள் பெயரில் உள்ளே போவான். "வாங்க, அலர்விழி" என்று திரை அழைக்கும்.

நாளை தளம் மக்களுக்குத் திறக்கிறது. சோதனைக்காகப் போட்ட கணக்குகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்த ஷமீமா, பக்கத்து இருக்கையிலிருந்து கேட்டாள்.

"பரிதிண்ணா, அலர்விழின்னு ஒண்ணு இருக்கே. நெஜ ஆளா?"

"இல்லம்மா."

"அப்ப தூக்கிடவா?"

அவன் தன் திரையைப் பார்த்தான்.

"கொஞ்சம் இரும்மா," என்றான். "இன்னும் உள்ளதான் இருக்கா."